3-2-1 முறையில் வைத்த பேபி பேக் விலா ஏன் குழைந்துபோகிறது?

"கொல்லைப்புற விருந்துக்கு பெல்லட் கிரில்லில் (மரத்தூள் குச்சிகளை எரித்துச் சமைக்கும் அடுப்பு) பேபி பேக் விலாவை (பன்றியின் முதுகுப் பக்கத்து விலா) 3-2-1 கணக்கில் வைத்தேன். எலும்பு தனியே கழன்று விழுந்தது, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிரில்லில் கோளாறு இல்லை, கணக்கில்தான். 3-2-1 என்றால் 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 3 மணி நேரம் புகை, 2 மணி அலுமினிய ஃபாயிலுக்குள், கடைசி 1 மணி சாஸ் பூசித் திறந்தபடி. இது பெரிய ஸ்பேர் ரிப்ஸுக்கான (பன்றியின் வயிற்றுப் பக்கத்து விலா) கணக்கு. பேபி பேக் அதைவிடச் சின்னது. குழைத்துவிடுவது நடுவில் வரும் அந்த 2 மணிதான்: ஃபாயிலுக்குள் கறி தன் சாற்றிலேயே வெந்து, கறியை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் மளமளவென்று ஜெலட்டினாகக் கரைகிறது. அதை 1 மணியாகக் குறையுங்கள். சாஸுக்கு அரை மணி போதும்.

அப்புறம், கடிகாரத்தை ரொம்ப நம்பாதீர்கள். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வில்லாக வளைந்து மேற்பரப்பில் லேசாக விரிசல் விட்டால் பதம் சரி. விறைத்து நின்றால் இன்னும் வேக வேண்டும். (கறி தானாக உதிர்வதை அமெரிக்க பார்பிக்யூ போட்டி நடுவர்கள் குறையாகத்தான் பார்ப்பார்கள். கடித்த இடம் மட்டும் கழன்று வரணும்.)

எலும்புப் பக்கத்துச் சவ்வை உரித்தீர்களா? ஓர் ஓரத்தைக் கத்தி முனையால் கிளப்பி, காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் சர்ரென்று வரும். வெறும் விரல் வழுக்கும்.