நான்கு பேருக்கும் சமபங்கு என்றால் முடிவு யாருடையது?

கேள்வி: நானும் தம்பியும் சுன்னாகத்தில் கறித்தூள் மில் நடத்துகிறோம். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவும் லண்டனில் இருக்கும் சின்னம்மாவின் மகனும் காசு போட்டு மில்லைப் பெருப்பிக்க முன்வந்திருக்கிறார்கள். தனியார் கம்பனியாகப் பதிந்து, நாலு பேரையும் பணிப்பாளராக்கி, ஆளுக்கு 25 வீதம் பங்கு எழுதி, மில் காணியையும் கம்பனி பெயருக்கு மாற்றித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். பிறகு எங்களுக்குள் பிரச்சினை வராதா?

பதில்: புரோக்கர் சொன்னபடி செய்தால் வரும். இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம் நின்றால் 50க்கு 50. சாதாரணத் தீர்மானத்துக்கே பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். அமைப்பு விதியை, அதாவது கம்பனியை எப்படி நடத்துவது என்று எழுதிவைக்கும் ஆவணத்தை, மாற்றுவது போன்ற பெரிய விடயத்துக்கு 75 வீதம் வேண்டும். புது அரைக்கும் மெஷின் வாங்குவதா வேண்டாமா என்பதில்கூட நீங்கள் அப்படியே நின்றுவிடலாம்.

ஒரு கம்பனியில் மூன்று கதிரைகள் இருக்கின்றன. காசு போட்டவர் பங்குதாரர். முடிவெடுப்பவர் பணிப்பாளர். காலையில் மில்லைத் திறந்து, செத்தல் மிளகாயை நிறுத்து வாங்கி, மாதம் முடிய சம்பளம் எடுப்பவர் ஊழியர். நாங்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிறோம். காசு தந்த அக்காவைப் பணிப்பாளர் ஆக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளர் போதும். பங்குதாரர்தான் 50 பேர் வரை இருக்கலாம். பணிப்பாளர் ஆவது பொறுப்பை ஏற்பது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பக்கத்து 12 வீதத்தைக் கட்டாமல் விட்டால், மில்லைக் கண்ணாலும் காணாத லண்டன் தம்பியின் (சின்னம்மாவின் மகனின்) பெயரும் வழக்கில் வரக்கூடும்.

இப்போது காணி. இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் இதைப் புரோக்கர்மார் சொல்வதே இல்லை. கம்பனி என்பது சட்டத்தில் தனி ஆள். 1897இல் இங்கிலாந்தில் சலமன் என்ற சப்பாத்து உற்பத்தியாளரின் வழக்கில் இது உறுதியானது. 20,007 பங்கில் 20,001 அவருடையது, மிச்சம் ஆறும் மனைவி பிள்ளைகளுடையது. அப்படியிருந்தும் கம்பனி வேறு, சலமன் வேறு என்றுதான் தீர்ப்பு. ஆகவே காணியைக் கம்பனிக்கு எழுதினால் அது பிறகு உங்கள் காணி இல்லை.

அதோடு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவர் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்குக் காணியை உறுதி முடித்துக் கொடுக்க முடியாது. உங்கள் அக்கா 25, லண்டன் தம்பி 25. சரியாக 50.

“அக்கா சுன்னாகத்தில் பிறந்தவதானே, அவ எப்படி வெளிநாட்டவர்?” என்று கேட்பீர்கள். கனடாக் குடியுரிமை எடுத்திருந்தால் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது, அவ வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் இலங்கையர். நிரந்தர வதிவிட அனுமதியோடு மட்டும் இருந்து இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டே வைத்திருந்தாலும் இலங்கையர்தான். இந்த மூன்றில் அக்கா எது, லண்டன் தம்பி எது என்று இன்றைக்கே கேளுங்கள். இப்போது 50க்குக் கீழே இருந்து, பிறகு பங்கு கைமாறி 50ஐத் தொட்டாலும் காணி உறுதிக்கு ஆபத்து. என்னைக் கேட்டால் காணியை உங்கள் பெயரிலேயே வைத்து, கம்பனிக்கு வாடகைக்குக் கொடுங்கள்.

காசு உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், வரவே கூடாது. வெளிநாட்டில் இருப்பவர் பங்கு வாங்கும் காசு வங்கியின் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வர வேண்டும். உண்டியலில் வந்த காசுக்கு, நாளைக்கு அக்கா “என் பங்கு எங்கே” என்று கேட்டால் காட்ட ஒரு துண்டும் இராது.

என் யோசனை இது: உங்களுக்கு 30, தம்பிக்கு 30, வெளியில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு 20. அன்றாடக் காரியம் உங்கள் இருவர் கையில் இருக்கும். 75 வீதம் தேவைப்படும் விடயத்துக்கு வெளியில் இருப்பவர்களில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், அதனால் அவர்களுக்கும் பாதுகாப்பு. பணிப்பாளர்களாக நீங்கள் இருவரும், குடும்பத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரும் இருங்கள். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் போல ஒருவர் நல்லது. உங்கள் இருவரின் சம்பளத்தையும் இலாபத்திலிருந்து பிரித்து எழுதிவையுங்கள். அண்ணன் தம்பி வழக்குகளில் பாதி அதில்தான் தொடங்குகிறது.

புரோக்கர் விடயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒருவர் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே அமைப்பு விதி ஆங்கிலத்தில், முப்பது பக்கத்துக்கு மேல். கம்பனியின் நோக்கம் சுற்றுலா ஹோட்டல் நடத்துவது என்று இருந்தது. அவர் வைத்திருந்தது கோழிப்பண்ணை! வேறொரு கம்பனியின் விதியில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கடைசியில் திகதி போடாத பதவி விலகல் கடிதம், அடியில் இவருடைய கையெழுத்து. “பதிவுக்குத் தேவை” என்று வாங்கினார்களாம். பதிவுக்குப் பணிப்பாளர் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளர் சம்மதத்துக்குப் படிவம் 19, அவற்றோடு பதிவு விண்ணப்பமான படிவம் 1, அமைப்பு விதி. திகதி போடாத பதவி விலகல் கடிதம் எங்கும் கேட்கப்படவில்லை. இணையப் பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லும் புரோக்கரிடமே இருந்தது. வருடாந்த அறிக்கை போட ஒவ்வொரு வருடமும் அவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில், மில் நடத்தும் ஒருவர் தன் கம்பனியின் விதியைத் தன் மொழியில் வாசிக்காமலே கையெழுத்திட வேண்டிய நிலை இன்னும் இருக்கிறது. இதை எத்தனை கூட்டங்களில் சொல்லியாயிற்று. புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

ஆகவே அந்தப் புரோக்கரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். விதியின் ஒவ்வொரு பிரிவையும் தமிழில் எழுதித் தருவீர்களா? பதிவுக் கணக்கை என் மின்னஞ்சலில் திறப்பீர்களா? ஒன்றுக்காவது மழுப்பினால், கொடுத்த அடையாள அட்டைப் பிரதிகளை அன்றைக்கே திருப்பி வாங்கிவிட்டு ஒரு பட்டயக் கணக்காளரிடமோ பதிவுபெற்ற கம்பனிச் செயலாளரிடமோ போங்கள்.