கேள்வி – பதில்: எட்டு வருடக் கையெழுத்து

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தால் ஐஸ் ஹொக்கிக் கதைதான். அவர்களின் அணியில் ஒரு தடுப்பாட்டக்காரர் முன்னைப்போல விளையாடுவதில்லையாம், ஆனால் ஒப்பந்தம் முடிய இன்னும் பல வருடம் கிடக்கிறதாம். அந்த மனிதரை அவன் திட்டுவதைக் கேட்க மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சரிவராதவரை நிற்பாட்டிவிட்டு வேறு ஆளை எடுக்க முடியாதா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: அம்மா, ஸ்காபரோவில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். உங்கள் மகனின் ஆத்திரம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ரொறன்ரோவின் அணியான மேப்பிள் லீஃப்ஸ், லீக்கின் முதற்பரிசான ஸ்டான்லி கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967இல். எங்கள் சனம் அங்கே போய்க் குடியேறுவதற்கு முன்னரே தொடங்கிய காத்திருப்பு அது. இரவு வேலை முடிந்து, சப்பாத்தில் பனி ஒட்டியபடி வந்து, சோற்றுக் கோப்பையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பவனுக்கு அது வெறும் விளையாட்டில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆளை நிற்பாட்டலாம், கணக்கை நிற்பாட்ட முடியாது. இந்த அணிகள் ஆடும் என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஹொக்கி லீக்கில் 2004-05 பருவம் முழுவதும் ஒரு ஆட்டமும் நடக்கவில்லை. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் பிடித்த பிடிதான் காரணம். அடுத்த பருவத்தில் அது வந்தது. அப்போது ஒரு அணியின் வீரர் எல்லோருக்கும் சேர்த்து 39 மில்லியன் டொலர், 2025-26இல் 95.5 மில்லியன். பணக்கார அணி, ஏழை அணி எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு. நம்முடைய பங்குக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். உங்கள் முறைக்கு வரும் தண்ணீர் இவ்வளவுதான். காய்க்காத முந்திரிகைக் கொடிக்கு இறைத்தால் வெங்காயப் பாத்தி காயும். உங்கள் மகன் கத்துவது அந்தப் பாத்திக்காகத்தான்.

அவரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பினாலும் கணக்கில் சிறு பகுதிதான் கழியும். 'என் சம்மதம் இல்லாமல் எங்கும் மாற்றக்கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதுவும் முடியாது. காசு கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆனால் 26 வயதோ அதற்கு மேலோ என்றால், மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மிச்சமிருக்கும் வருடங்களைப்போல இரண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கட்ட வேண்டும். ஒலிவர் எக்மன்-லார்சன் என்ற தடுப்பாட்டக்காரருக்கு அரிசோனா அணி 8 வருடத்துக்கு 66 மில்லியன் எழுதிக் கொடுத்தது. 2021இல் வன்கூவர் அவரை வாங்கியது, 2023இல் முறித்துக்கொண்டது. நான்கு வருடம்தான் மிச்சமிருந்தது. ஆனாலும் 2030-31 வரை அவர் பெயர் வன்கூவரின் கணக்கில் நிற்கும். நடுவில் இரண்டு பருவங்களுக்குத் தலா ஏறக்குறைய 4.77 மில்லியன்.

இனி, நீங்கள் கஷ்டப்படுகிற விசயம். அந்த மனிதர் சோம்பல்பட்டு இப்படி ஆகவில்லை. என் மகன் சின்ன வயதில் விளையாடியபோது விடிய ஐந்தரைக்கு அரங்குக்குக் கூட்டிப்போவேன். போத்தலில் தேத்தண்ணீரோடு கண்ணாடிக்குப் பின்னால் நிற்பேன். அங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். தாக்குகிறவன் முகம் பார்த்து முன்னோக்கி வருவான். தடுக்கிறவன் முதுகுப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுப்பது முன்னால் வருகிறவன். அவன் தோள் சாய்ந்த கணத்தில் இவன் இடுப்பைத் திருப்பி, பின்னோக்கிய ஓட்டத்தை முன்னோக்கி மாற்ற வேண்டும். அந்தத் திருப்பத்தில் பிளேட் ஐஸைக் கிழிக்கிற சத்தம் கேட்கும். பிள்ளைகளுக்கு அது 'சர்' என்று ஒரே சத்தமாக வரும். பழக்கிய பயிற்சியாளருக்கு நாற்பது தாண்டியிருக்கும். அவருக்கு இரண்டு சத்தம், நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஒரு ஆள் கடந்து போய்விடலாம். முப்பதைத் தாண்டிய தடுப்பாட்டக்காரருக்கு நடப்பதும் இதுதான். மூளைக்கு எல்லாம் தெரியும், இடுப்பு பிந்துகிறது. முன்வரிசைக்காரர் ஓட்டம் குறைந்தாலும் வலைக்கு முன்னால் நின்று கோல் தட்டலாம். தடுக்கிறவர் பிந்தினால் முழு அரங்கும் பார்க்கும்.

சிக்காகோ அணியின் தடுப்பாட்டக்காரர் பிரென்ட் சீபுரூக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கும். 2010, 2013, 2015 என்று மூன்று கிண்ணங்கள். 2013இல் டெட்ரோயிட்டுக்கு எதிரான தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில், மேலதிக நேரத்தில், அவர் அடித்த கோல்தான் அணியைக் காப்பாற்றியது. அந்த இரவு நான் கத்தியதில் மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். 2015இல் 8 வருடத்துக்கு 55 மில்லியன் எழுதினார்கள். அது தொடங்கும்போதே அவருக்கு 31 வயது. பிறகு தோளிலும் இரண்டு இடுப்பிலும் சத்திரசிகிச்சை. 2021இல், இனி முடியாது என்று அவரே சொன்னார். அந்தக் கோடையில் அவருடைய ஒப்பந்தத்தை மட்டும் தம்பா பே அணிக்கு மாற்றினார்கள். அங்கே அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. 1,114 ஆட்டம் ஒரே அணிக்காக ஆடிய மனிதர், அம்மா. அவரையும் அந்தக் கடைசி வருடங்களில் சனம் திட்டியது.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: "தம்பி, கோபப்படு. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களைக் கேள்." ஒரு வீரருக்கு 27 வயதில் எட்டு வருடம் நீட்டினால் வேண்டாம் என்று எவர் சொல்வார்? 35 வயதில் இடுப்பு என்ன செய்யும் என்று கணக்குப் பார்ப்பது நிர்வாகத்தின் வேலை. அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

கேள்வி: இப்படி நடக்கும் என்று தெரிந்தும் ஏன் எட்டு வருடம் கொடுக்கிறார்கள்?
— வாசகர், சுன்னாகம்

பதில்: வரம்புக் கணக்கில் எடுப்பது வருடச் சராசரியை. 56 மில்லியனை ஐந்து வருடத்துக்கு எழுதினால் வருடத்துக்கு 11.2. எட்டுக்கு எழுதினால் 7. இன்றைய அணிக்கு இடம் கிடைக்கிறது. கடைசி மூன்று வருடத்தை அப்போது பதவியில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்காத இடம். ஊரில் காணியை ஈடு வைத்து மூத்தவரின் கலியாணத்தைச் செய்துவிட்டு, மீட்கிற பொறுப்பைக் கடைக்குட்டியின் தலையில் போடுவது போல.

முன்னர் இன்னும் மோசம். சிக்காகோ டங்கன் கீத் என்ற தடுப்பாட்டக்காரருக்கு 13 வருடம் எழுதியது. லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2013 உடன்படிக்கைதான் சொந்த வீரருக்கு 8, வெளியில் இருந்து வருபவருக்கு 7 என்று கட்டியது. 2025இல் எட்டிய புதிய உடன்படிக்கையின்படி 2026 செப்டெம்பரில் இருந்து அது 7, 6. ஒரு வருடக் குறைப்பு போதாது. தடுப்பாட்டக்காரருக்கு ஐந்தோடு நிற்பாட்ட வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: வயது போயும் நன்றாக ஆடியவர் ஒருவரும் இல்லையா?
— மாணவன், பருத்தித்துறை

பதில்: ஏன் இல்லை? நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 41 வயதில் ஏழாவது தடவை நொரிஸ் விருது வாங்கினார். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான விருது அது. ஸ்டெனோ சாரா 45 வயது வரை ஆடினார். எரிக் கார்ல்சனுக்கு எட்டு வருடத்துக்கு 92 மில்லியன் கொடுத்து, வீண்போய்விட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, 2022-23இல், அடித்த கோலும் அடிக்க உதவிய கோலும் சேர்த்து, 101 புள்ளி எடுத்தார்.

ஆனால் அவர்களை விட எனக்குப் பிடித்தது மேலே சொன்ன எக்மன்-லார்சன். வன்கூவர் கைவிட்ட கோடையில் புளோரிடா ஒரு வருடத்துக்கு வெறும் 2.25 மில்லியனுக்கு எடுத்தது. தடுப்பாட்டக்காரர்கள் இருவர் இருவராக இறங்குவார்கள். கிண்ணத்துக்கான பிளே-ஓவ் ஆட்டங்களில் மூன்றாவது இணையில், இவர் தாங்கக்கூடிய அளவு வேலை கொடுத்தார்கள். 2024 ஜூனில் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். ஒரு வாரத்தில் நான்கு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 3.5 மில்லியன். எடுத்த அணி எது தெரியுமா? ரொறன்ரோ. கோண்டாவில் அம்மாவும் மகனிடம் அவரைப் பற்றி ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.