லண்டன் கண்காட்சிக்குப் போகிறேன், எவ்வளவு பவுண்டு வாங்கட்டும்?

கேள்வி: தோல் பைகள் தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். லண்டன் எக்ஸெல் அரங்கில் நடக்கும் வணிகக் கண்காட்சியில் முதன்முறையாக ஸ்டால் எடுத்திருக்கிறேன். நானும் என் விற்பனை மேலாளரும் ஞாயிறன்று போய்ச் சேர்ந்து வெள்ளியன்று கிளம்புகிறோம். 2,000 பவுண்டை இப்போதே நோட்டாக வாங்கிவிடலாமா, விலை இறங்கும்வரை பொறுக்கலாமா? 2018-ல் சுற்றுலா போனபோது மிஞ்சிய ஒன்பது 20 பவுண்டு தாள்களும் கையில் உள்ளன. ஹோட்டலில் இரண்டு அறைகளுக்கு 1,800 பவுண்டு ஆகிறது. முன்பதிவுத் தளம் ஒன்றில் அதே அறைகள் 60 பவுண்டு குறைவு. கடையில் வாங்கும் பொருளுக்கான வரியை விமான நிலையத்தில் திருப்பித் தருவார்கள் என்று நண்பர் சொல்கிறார். கடைசி நாளில் மாதிரிப் பைகளை ஸ்டாலிலேயே விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்றும் ஓர் எண்ணம். சரிதானா?

பதில்: பவுண்டு விலையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். அது இரண்டு சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் 2,000 பவுண்டில் 40 பவுண்டு வித்தியாசம். அதற்காகத் தினமும் செலாவணி விலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன: அந்த 60 பவுண்டு சேமிப்பும், மாதிரிப் பைகளை விற்கும் திட்டமும்.

முதலில் ஹோட்டல். பிரிட்டனில் வாட் வரி 20 சதவீதம். வரி சேர்த்துச் சொல்லும் விலையில் அது ஆறில் ஒரு பங்கு. ஆக, உங்கள் 1,800 பவுண்டில் 300 பவுண்டு வரி. பிரிட்டனில் பதிவோ கிளையோ இல்லாத, அங்கே விற்பனை செய்யாத வெளிநாட்டு நிறுவனம், வணிகத்துக்காகச் செய்த செலவின் வாட் வரியைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் நாடும் பிரிட்டிஷ் வணிகர்களுக்கு இதேபோன்ற சலுகை தர வேண்டும் என்பது நிபந்தனை. இதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே அறை போடுங்கள்.

நிபந்தனை பொருந்துகிறது என்றால், ஹோட்டலிலேயே நேரடியாகப் பதிவுசெய்து, உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் முகவரியிலும், ஹோட்டலின் வாட் எண்ணுடன் இன்வாய்ஸ் கேளுங்கள். அறைகளை மொத்தமாக வாங்கி மறுவிற்பனை செய்யும் பயண நிறுவனங்கள் பலவும் தங்கள் லாபத்தின்மீது மட்டும் வரி கட்டும் தனித் திட்டத்தில் இருக்கின்றன. அவர்கள் தரும் ரசீதை வைத்து வரியைத் திரும்பக் கேட்க முடியாது. உங்கள் தளம் அந்த வகையாக இருந்தால் 60 மிச்சம், 300 நஷ்டம். நிபந்தனை பொருந்தாவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. தயங்காமல் மலிவான தளத்திலேயே போடுங்கள்.

இந்த வரிக் கோரிக்கைக்கு ஆண்டு என்பது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. விண்ணப்பம் அதையடுத்த டிசம்பர் 31-க்குள் போய்ச் சேர வேண்டும். வாட் 65ஏ என்ற படிவம், இன்வாய்ஸ்கள், நீங்கள் வணிகம் நடத்துபவர் என்று உங்கள் நாட்டு வரி அலுவலகம் தரும் சான்றிதழ் ஆகியவை தேவை. அந்தச் சான்றிதழ் வாங்கத்தான் நாளாகும், ஊர் திரும்பியதும் முதல் வேலையாக விண்ணப்பித்துவிடுங்கள். நீங்களும் மேலாளரும் சாப்பிட்ட பில்லைச் சேர்க்கலாம். வாடிக்கையாளருக்கு விருந்து வைத்த பில்லைச் சேர்க்க முடியாது. ரயில் டிக்கெட்டில் வாட் கிடையாது, ஆகவே திரும்பக் கேட்கவும் எதுவுமில்லை. 250 பவுண்டு வரையிலான செலவுக்குக் கடையின் பெயர், முகவரி, வாட் எண், தேதி, பொருள், தொகை, வரி விகிதம் உள்ள சுருக்கமான ரசீதே போதும். கார்டு இயந்திரம் துப்பும் துண்டுச் சீட்டில் இவை இருக்காது, அது ரசீது ஆகாது. ஸ்டால் கட்டணத்தில் வாட் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போட்டிருந்தால், வெளிநாட்டு நிறுவனத்துக்கு அதைப் போடத்தான் வேண்டுமா என்று அமைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வது வேறு வரிச்சலுகை. சுற்றுலாப் பயணிகள் கடையில் வாங்கியதற்கு விமான நிலையத்தில் வரி திரும்பப் பெறும் அந்த ஏற்பாட்டை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அவர் கடைசியாக லண்டன் போனது அதற்கு முன்பாக இருக்கும்.

அடுத்தது பைகளை விற்பது. வேண்டவே வேண்டாம். வணிகப் பார்வையாளராக வருபவர் கண்காட்சியில் பொருளை விளம்பரப்படுத்தலாம், பேச்சுவார்த்தை நடத்தலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். நேரடியாக விற்பனை செய்யக் கூடாது என்பது விசா விதி. மேலும், பிரிட்டனில் விற்பனை செய்யாதவருக்குத்தான் மேலே சொன்ன வாட் வரி திரும்பக் கிடைக்கும். நாலு பை விற்ற காசுக்காக அந்த 300 பவுண்டையும் அடுத்த விசாவையும் பணயம் வைக்காதீர்கள். மாதிரிகள் எல்லாம் திரும்ப வரும் என்றால், உங்கள் வணிகச் சபையிடம் ஏ.டி.ஏ. கார்னெட் கேளுங்கள். ஓராண்டு வரை செல்லும் சுங்க ஆவணம் அது, இறக்குமதி வரி கட்டாமல் கொண்டுபோய்க் கொண்டுவரலாம். கொண்டுபோன எண்ணிக்கையும் கொண்டுவரும் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். விற்காமல் இருப்பதற்கு இது மூன்றாவது காரணம்.

இப்போது நீங்கள் கேட்ட பணக் கணக்குக்கு வருகிறேன். 2,000 பவுண்டு நோட்டாக வேண்டாம். ஆளுக்கு 100 பவுண்டு தாராளம். லண்டன் பஸ்களில் 2014 முதல் ரொக்கமே வாங்குவதில்லை, கறுப்பு டாக்ஸிகள் எல்லாம் கார்டு ஏற்கின்றன. ஆகவே செலாவணி விலையைவிட உங்கள் கார்டின் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம்தான் முக்கியம். வங்கியில் கேட்டு, அது குறைவாக உள்ள கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் காண்டாக்ட்லெஸ் வசதியையும் கிளம்புவதற்கு முன்பே திறந்து வையுங்கள். வேறொரு வங்கியின் கார்டு இன்னொன்றும் பெட்டியில் தனியாக இருக்கட்டும்.

கார்டைச் செருகியதும் இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் வசூலிக்கவா, பவுண்டிலா என்று கேட்கும். எப்போதும் பவுண்டு. சொந்த நாணயத்தில் தொகையைப் பார்க்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும், அந்த இதத்துக்கான விலையை மாற்று விகிதத்துக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். நாலு சதவீதம் மோசமான விகிதம் என்றால்கூட உங்கள் ஹோட்டல் பில்லில் 72 பவுண்டு போய்விடும். ஒருமுறை வெளியூர் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பாளர் என்னைக் கேட்காமலே என் நாட்டு நாணயத்தை அழுத்திவிட்டார். ரத்து செய்யச் சொல்லி மறுபடி போட வைத்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்! ஹோட்டலில் சேரும்போது முன்பணமாக ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள் என்பதால், அதற்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள், கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

நகருக்குள் போக வர அதே கார்டையே நிலைய வாசலில் உள்ள இயந்திரத்தில் தொட்டுப் போகலாம். நாள் முழுதும் எத்தனை முறை போனாலும் ஓர் உச்சவரம்புக்குமேல் வசூலிக்க மாட்டார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். காலையில் கார்டு, மாலையில் அதே கார்டை ஏற்றிய போன் என்று மாற்றினால் இரண்டு பயணிகளாகக் கணக்கிடுவார்கள், வரம்பு கிடைக்காது. ரயிலிலிருந்து இறங்கும்போதும் தொட மறந்தால் அதிகபட்சக் கட்டணம்தான்.

அறை எங்கே எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எக்ஸெலுக்கு நிலையம் கஸ்டம் ஹவுஸ். 2022-ல் திறந்த எலிசபெத் லைன் ஹீத்ரூவிலிருந்து வண்டி மாறாமல் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் அங்கே கொண்டுவிடும், டாக்ஸி வேண்டாம். கண்காட்சி வாரங்களில் அரங்கையொட்டிய ஹோட்டல்கள் விலையை ஏற்றிவிடும். அதே லைனில் அடுத்த நிலையமான வூலிச்சையும் விசாரித்துப் பாருங்கள். மாலையில் வாடிக்கையாளரைச் சந்திக்க நகர மையத்துக்கும் அதே ரயில்தான். அங்கே உணவகப் பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் பெரும்பாலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பார்க்காமல் அதன்மேல் டிப்ஸ் வைக்காதீர்கள்.

பயணக் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதல் சிகிச்சை இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுப் பார்வையாளருக்கு வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிப்பார்கள்.

உங்கள் ஒன்பது 20 பவுண்டு தாள்கள் கடையில் செல்லாது. அந்தக் காகித நோட்டுகளை 2022 செப்டம்பர் 30-உடன் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் 180 பவுண்டும் வீணாகவில்லை, பாங்க் ஆஃப் இங்கிலாந்து பழைய நோட்டுகளைக் காலக்கெடு இல்லாமல் மாற்றித் தருகிறது. திரெட்நீடில் வீதியில் உள்ள அதன் கவுன்ட்டருக்குப் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள். வேலை நாட்களில்தான் திறந்திருக்கும், வரிசையும் நீளம். உங்கள் விமானம் மாலையில் என்றால், வெள்ளி காலை பெட்டிகளை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு, லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி நடந்து போய் வந்துவிடலாம்.