வராத நட்டஈடும் மாதம் 7,500 வட்டியும்

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர்): இரவில் மெயின் றோட்டோரம் மூடி இல்லாத வடிகானுக்குள் முன் சில்லு இறங்கி, அதைத் தாங்கும் போர்க் வளைந்துவிட்டது. கராஜில் 92,000 ரூபா கேட்கிறார்கள். உள்ளூராட்சி சபைக்கு நட்டஈடு கேட்டுக் கடிதம் கொடுத்து இரண்டு மாதம், பதில் இல்லை. சபையிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை திருத்தக் கூடாது என்று மச்சான் சொன்னதால் ஓட்டோ அப்படியே நிற்கிறது. நூற்றுக்கு 5 வட்டிக்கு ஒன்றரை இலட்சம் எடுத்தேன், கையில் 30,000 தான் மிச்சம். போனில் கடன் தரும் ஆப்பில் எடுக்கலாமா?

பதில்: தம்பி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இதற்குக் காசு தராது என்று உங்களுக்கே தெரியும், அதை விடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வடிகான் இல்லை. வரும் என்று யாரோ சொன்ன காசை நம்பி, அது கைக்கு வருமுன்னே கடன் வாங்கிச் செலவழித்திருக்கிறீர்கள்.

ஒன்றரை இலட்சம் எங்கே போனது என்று நீங்கள் எழுதியதை வைத்தே பார்த்தேன். சபையில் தெரிந்த ஆளைப் பிடிக்க என்று மச்சானுக்கு 40,000. லீசிங் இரண்டு தவணை 37,000. வட்டி இரண்டு மாதம் 15,000, அதாவது வாங்கிய கடன் காசிலேயே அந்தக் கடனுக்கு வட்டி கட்டியிருக்கிறீர்கள். மீதி வீட்டுச் செலவு. ஓட்டோவைத் திருத்த வாங்கிய காசில் ஓட்டோவுக்கு ஒரு ஆணிகூட வாங்கவில்லை!

இன்னொரு பக்கம், பெட்ரோல் போக நாளுக்கு 2,500 உழைப்பேன் என்கிறீர்கள். மாதம் 25 நாள் என்றால் 62,500, இரண்டு மாதத்துக்கு 1,25,000. வட்டியையும் சேர்த்தால் 1,40,000. கேட்கும் நட்டஈடு 92,000. நாளைக்கே முழுக்காசும் கிடைத்தாலும் 48,000 கையை விட்டுப் போயிருக்கும்.

அதனால் இந்த வாரமே திருத்துங்கள். திருத்தினால் சாட்சி அழிந்துவிடும் என்பது மச்சானின் சட்டம். வடிகானின் அகலம் ஆழம் தெரிய அளவுநாடா வைத்து நாலு படம், வளைந்த போர்க்கின் படம், கராஜின் மதிப்பீடும் பில்லும், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, இவை கையில் இருந்தால் ஓட்டோ ஓடலாம்.

காசுக்கு ஆப் பக்கம் போகவே வேண்டாம். பத்து நிமிடத்தில் காசு போடுவான், தவணை பிந்தினால் உங்கள் போனில் உள்ள நம்பர் முழுக்க அடித்து மாமியார் வரைக்கும் சொல்லிவிடுவான். நூற்றுக்கு 5 என்பது வருடத்துக்கு 60 வீதம், வங்கி அடகில் அதில் பாதிகூட வராது. மனைவியின் இரண்டு பவுண் சங்கிலியைத் தொட விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விளங்குகிறது, ஆனால் அவரோடு இருந்து பேசுங்கள். திருத்தத்துக்குக் குறைவது 62,000, வட்டிக் கடன் 1,50,000, மொத்தம் 2,12,000. பவுண் இன்று போகும் விலைக்கு, சங்கிலியை வங்கியில் அடகு வைத்தால் அது பெரும்பாலும் கிடைக்கும். மாதம் 7,500 அன்றோடு நிற்கும், அந்தக் காசை அடகு மீட்கத் திருப்புங்கள்.

மச்சானிடம் 40,000க்கு ரசீது கேளுங்கள். இருக்காது. திருப்பித் தரும்வரை அவர் ஆலோசனைக்கும் லீவு கொடுங்கள், மனைவி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நட்டஈட்டை விடச் சொல்லவில்லை. தட்டிய கதவு சரியா என்று முதலில் பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி மாகாண வீதித் திணைக்களத்துடையவை. உள்ளூர் ஒழுங்கைகள்தான் சபைக்கு. நீங்கள் சொல்வது கல்முனைக்குப் போகும் வீதி என்றால் அது ஏ4, சபைக்குக் கடிதம் கொடுத்துப் பிரயோசனம் இல்லாமல் போகலாம். வீதியும் வடிகானும் யார் பொறுப்பு, அந்த மூடி பற்றி முன்பு முறைப்பாடு வந்ததா என்று 2016 தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டால் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முன்பே முறைப்பாடு இருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம், தெரிந்தும் விட்டார்கள் என்று காட்டலாம். சபை மேல் வழக்கு என்றால் ஒரு மாத எழுத்து அறிவித்தல் கொடுத்த பிறகுதான் போட முடியும், காலக்கெடுவும் குறுகியது. ஏற்கனவே இரண்டு மாதம் போய்விட்டதால் இந்தக் கிழமையே சட்ட உதவி ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.

அப்புறம், வளைந்த போர்க்கை மெக்கானிக் பழைய இரும்புக்குப் போட விட்டுவிடாதீர்கள். உரப்பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து வையுங்கள்.