மறு: கிணற்றுக்குள் வந்த கறுப்பு-சிவப்பு ஓட்டுத்துண்டுகள்

வணக்கம். நெடுங்கேணிக் காணியில் கிணறு வெட்டும்போது 6 அடியில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓட்டுத்துண்டுகளும் கரியும் வந்ததென்றும், கரியை வைத்து வயது சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம், கரி கெடாமல் இருந்தால்.

முதலில் வெட்டுவதை நிறுத்திப் பிரதேச செயலகம் வழியாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். குழிச்சுவரில் தெரியும் கரியைத் தொடவே வேண்டாம். எந்த மண்படையில் கிடந்தது என்று தெரியாத கரிக்கு வயது கிடைத்தும் பயனில்லை. ஏற்கெனவே மேலே வந்துவிட்டதைக் கழுவாமல், கைபடாமல், சுத்தமான கரண்டியால் அலுமினியத் தாளில் எடுத்து நிழலில் காயவிட்டு மடியுங்கள். கடதாசியும் பஞ்சும் கூடாது. அவற்றின் நார் ஒட்டினால் புதுக் காபன் சேர்ந்து வயது குறைவாக வரும்.

கரியின் வயதை அதில் மிஞ்சியிருக்கும் காபன்-14 என்ற கதிரியக்கக் காபனை அளந்து கணிப்பார்கள். அது பாதியாகக் குறைய 5730 ஆண்டுகள் எடுக்கும். ஆனால் அளந்த வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் திருத்த வளைகோடு கிமு 800 முதல் 400 வரை ஏறக்குறையத் தட்டை, அதாவது அந்தக் காலத்துப் பொருள்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். இந்த வகை மட்பாண்டம் புழங்கிய காலத்தின் ஒரு பகுதியும் அதில் அடங்குவதால், விடை பல நூறு ஆண்டு அகலத்தில் வரக்கூடும். பாலை, முதிரை போன்ற மரங்களின் வைரக் கரி இன்னும் சிக்கல்: மரம் தறிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே நடுவைரம் காபன் எடுப்பதை நிறுத்திவிடும், அதனால் வயது கூடிக் காட்டும். கருகிய நெல்மணி ஒன்று அகப்பட்டால் அதைத் தனியாக வையுங்கள். அது ஒரே போகத்தில் விளைந்தது, கரியைவிட நம்பகமானது.

நிறத்தை மட்டும் பார்த்து 3000 வருடம் என்று உங்கள் நண்பர் சொன்னதை ஏற்கவேண்டாம். இந்த வகைப் பானை பல நூற்றாண்டுகள் தொடர்ந்து வனையப்பட்டது.