திருடியது பையன், வழக்கறிஞர் கடிதம் வந்தது எங்களுக்கு

கேள்வி: ஐயா, வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நானும் என் கணவரும் இருபது ஆண்டுகளாகச் சிறிய ஜவுளிக்கடை நடத்துகிறோம். சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது 14 வயதுப் பையன் ஒருவன் 89 வெள்ளி (ரிங்கிட்) ஜிப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். அரை மணி நேரம் கழித்து ரகசியக் கேமராவில் அதைப் பார்த்த என் அக்கா மகன், பஸ் நிலையத்தில் நின்றிருந்த பையனை இழுத்து வந்து ஸ்டோரில் பூட்டிவிட்டான். கன்னத்தில் இரண்டு அறையும் கொடுத்திருக்கிறான். அம்மாக்காரி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. "திருடினால் பத்து மடங்கு அபராதம்" என்று கடையில் பலகை மாட்டியிருக்கிறோம். அதன்படி 890 வெள்ளி கேட்டதில், அந்த அம்மா அழுதுகொண்டே 300 வெள்ளி கொடுத்துவிட்டுப் போனார். பையனின் படத்தை அக்கா மகன் ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் முகநூலிலும் போட்டான். இப்போது 14 நாளில் மன்னிப்பும் இழப்பீடும் கேட்டு எங்களுக்கு வழக்கறிஞர் கடிதம் வந்திருக்கிறது.

அதே சமயத்தில் கல்லாவில் 860 வெள்ளி குறைந்தது. காசாளர் பெண்ணின் சம்பளத்தில் அதைப் பிடித்துக்கொண்டேன். பெருநாள் முடிந்த அன்று இரவு பின்கதவு வழியாகத் திருடன் புகுந்து சேலைகளை அள்ளிப் போனான். பூட்டு உடையவில்லை என்று சொல்லிக் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிட்டது. இந்த ஆண்டுத் தீபாவளிச் சரக்கு இறங்கிவிட்டது. அக்கா மகன் மேசைக்கு அடியில் பாராங் (நீண்ட வெட்டுக்கத்தி) வைத்திருக்கிறான். எனக்குத் தூக்கமே வருவதில்லை. என்ன செய்யட்டும்?

ஒரு ஜவுளிக்கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையன் பக்கம் ஒரு குற்றம் இருக்கிறது. உங்கள் பக்கம் எண்ணிப் பார்த்தேன், நான்கு வருகிறது. சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச முடியாது.

முதலில் பையன் செய்தது. பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டு, குற்றவியல் சட்டத்தின் 380ஆவது பிரிவில் வரும். பத்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க இடமுள்ள குற்றம் அது. பதினான்கு வயதுப் பையன் என்பதால் அவன் விவகாரம் சிறார் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், அங்கே போக்கே வேறு. ஆனாலும் சட்டம் உங்கள் பக்கம் நின்றது. ஜிப்பா வாசலைத் தாண்டிய அந்த நேரத்தில் நீங்கள் முழுக்க முழுக்கப் பாதிக்கப்பட்டவர்.

திருடனைப் பொதுமக்கள் பிடிக்கலாமா? பிடிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் கூடவே இரண்டு முடிச்சு போட்டிருக்கிறது. குற்றம் உங்கள் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். பிடித்தவரைத் தேவையற்ற தாமதமின்றிப் போலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் அக்கா மகன் பார்த்தது அரை மணி நேரத்துக்கு முந்தைய பதிவை. அது கண்ணெதிரே நடந்ததாகாது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் முதலில் எடுப்பேன். இரண்டாவது முடிச்சோ அவிழ்க்கவே முடியாதது. இரண்டு மணி நேரத்தில் போலிஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூடப் போகவில்லை.

ஆகவே ஸ்டோரில் பூட்டியது குற்றவியல் சட்டத்தின் 342ஆவது பிரிவில் வரக்கூடிய சட்டவிரோத அடைப்பு. ஓராண்டு வரை சிறை, 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கன்னத்தில் அறைந்ததற்கு 323ஆவது பிரிவு இருக்கிறது, தண்டனையும் அதே அளவுதான். "அறைதானே, எங்க காலத்தில் வாத்தியார் பிரம்பால் வெளுப்பார்" என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் சொன்னதுண்டு. நீதிமன்றத்தில் அந்தக் காலம் எடுபடாது.

அந்தப் பலகையை இன்றே கழற்றுங்கள். பத்து மடங்கு அபராதம் விதிக்க நீங்கள் நீதிமன்றமும் இல்லை, நகராண்மைக் கழகமும் இல்லை. ஈப்போவிலிருந்து கோலகங்சார் வரை பல கடைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மாட்டியதைப் பார்த்து அடுத்தவர் மாட்டியதுதான், சட்டத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. பையனை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு தாயிடம் பணம் கேட்டால், அது மிரட்டிப் பணம் பறித்தல் என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். அதற்குப் பிரிவு 384. பத்து ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி, இவற்றில் எதாவது இரண்டு வரை விதிக்கலாம். அந்த 300 வெள்ளிதான் உங்கள் கோப்பில் என்னை மிகவும் பயமுறுத்தும் தாள்.

நான்காவது, படம். அவன் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவன். குற்ற விவகாரத்தில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் படத்தை மின்னியல் ஊடகங்களில் வெளியிடுவதை 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடுக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கு மட்டுமல்ல, குற்றத்தால் பாதிக்கப்பட்ட சிறாருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. உங்கள் ஸ்டோரில் அந்தப் பையன் இரண்டுமாக இருந்தான். தண்டனை 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நம்மூரில் ஒரு படம் புலனத்தில் ஏறினால் மாலைக்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும், அந்தத் தாய் அடுத்த நாள் வேலைக்கு எப்படிப் போயிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இழப்பீட்டுத் தொகை பேசும்போது அவர் வழக்கறிஞர் அதைத்தான் விவரிப்பார்.

"ஓராண்டு ஆகப்போகிறதே, காலாவதி ஆகாதா" என்று உங்கள் கணவர் கேட்கலாம். ஆகாது. தீபகற்ப மலேசியாவில் இப்படிப்பட்ட உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம். பாதிக்கப்பட்டவர் வயதுக்கு வராதவர் என்றால், அவருக்குப் பதினெட்டு நிறைந்த பிறகுதான் அந்த ஆறு ஆண்டு ஓடத் தொடங்கும். அதாவது இந்தப் பையன் 24 வயது வரை வழக்குப் போடலாம். கடிதத்தை லாச்சிக்குள் (மேசை இழுப்பறைக்குள்) போட்டுப் பூட்டிவிட்டால் தானாக மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

கடிதத்துக்கு என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் மற்றவற்றைப் பார்த்துவிடுவோம்.

காசாளர் பெண்ணின் சம்பளம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. கூடுதலாகக் கொடுத்த சம்பளம், கொடுத்த முன்பணம், சட்டம் அனுமதித்த பிடித்தங்கள் என்று அது போகும். கல்லாவில் குறைந்த காசை முதலாளி தானே கணக்குப் பார்த்துக் கழிப்பது அதில் இல்லை. அந்தப் பெண் தொழிலாளர் இலாகாவுக்குப் போனால் 860 வெள்ளியைத் திருப்பிக் கொடுப்பதோடு விஷயம் முடியும் என்று உறுதி சொல்ல முடியாது. சட்ட மீறலுக்குப் பொது அபராதம் இப்போது 50,000 வெள்ளி வரை போகும். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே கொடுத்துவிடுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த வாரம் அந்தக் கல்லாவில் எத்தனை பேர் கை வைத்தார்கள்? நீங்கள், கணவர், அக்கா மகன், அந்தப் பெண், தீபாவளிக்கு வந்த பகுதி நேரப் பிள்ளைகள். அப்படியிருக்க அவர்தான் எடுத்தார் என்று எந்த நீதிபதியிடம் நிரூபிப்பது? என் அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடன் கணக்கெல்லாம் 555 என்ற சிறிய குறிப்புப் புத்தகத்தில்தான், ஆனால் லாச்சிச் சாவி அவர் அரைஞாணில் தொங்கும். இந்தப் பெருநாளுக்கு ஒரு லாச்சிக்கு ஒரே ஆள் என்று வையுங்கள். காலையில் எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்கி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதன் பிறகும் குறைந்து, எடுத்தது இன்னார் என்று ஆதாரம் கிடைத்தால், ஊழியர் செய்யும் திருட்டுக்கென்றே குற்றவியல் சட்டத்தில் 381ஆவது பிரிவு இருக்கிறது. போலிஸில் புகார் செய்யலாம். வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன்பு முறையான விசாரணை வைக்க வேண்டும். விசாரணைக்காக இரண்டு வாரம் வரை இடைநீக்கம் செய்யலாம், அந்த நாட்களுக்குக் குறைந்தது பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

பகுதி நேரப் பிள்ளைகள் என்றதும் ஞாபகம் வருகிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இரவு எட்டு மணிக்கு மேல் கடையில் நிறுத்தாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் பத்து, பதினொன்று மணி வரை கடை திறந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குப் பெரியவர்களை அமர்த்துங்கள்.

காப்புறுதிக்கு வருவோம். உங்கள் நிறுவனம் சொன்னதைக் கேட்டு எரிச்சல் வருவது நியாயம்தான், ஆனால் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடைத் திருட்டுக் காப்புறுதிகளில் வழக்கமாக, பலாத்காரமாக உடைத்து உள்ளே வந்ததற்கோ வெளியே போனதற்கோ தடயம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அதற்குள் அடங்கமாட்டான். அன்று கடைசியாகப் பின்கதவைப் பார்த்தது யார் என்று உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கும். ஆனால் திருடன் உள்ளே ஒளிந்திருந்து, வெளியே போகும்போது தாழ்ப்பாளை உடைத்திருந்தால் வாதிட இடமிருக்கிறது. அந்தக் கதவின் படங்கள் இருந்தால் எடுத்து வாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண மாதத்தில் உங்கள் கடைச் சரக்கு 60,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், அந்த அளவுக்கே காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள். தீபாவளிக்கு 120,000 வெள்ளிக்குச் சரக்கு இறக்கியிருக்கிறீர்கள். 20,000 வெள்ளிச் சேலை போனால் உங்கள் கைக்கு 20,000 வராது. பாதிச் சரக்குக்குத்தான் காப்புறுதி என்பதால் பாதி இழப்பு, அதாவது 10,000தான் என்று சராசரி விதியைக் காட்டுவார்கள். தீ விபத்துப் பத்திரத்திலும் இந்த விதியைப் பார்க்கலாம். இந்த வாரமே முகவரை அழைத்துப் பெருநாள் காலத்துக்கு மட்டும் தொகையை உயர்த்தித் தரச் சொல்லுங்கள். ரொக்கத்துக்கு உள்ள நிபந்தனையையும் கேளுங்கள், இரவில் பணம் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும் என்று பலர் போட்டிருப்பார்கள். யாராவது பட்டாசுப் பெட்டிகளை உங்கள் ஸ்டோரில் வைக்கக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உரிமம் இல்லாத பட்டாசு 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தில் குற்றம், தீப்பிடித்தால் காப்புறுதியும் கேள்விக்குறியாகும்.

கியூஆர் பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். வாடிக்கையாளர் நீட்டும் கைப்பேசித் திரையை நம்பிச் சேலையைக் கொடுக்காதீர்கள், உங்கள் வங்கிச் செயலியில் பணம் ஏறியதா என்று பாருங்கள். காலையில் கடை திறந்ததும் கியூஆர் அட்டை மேல் வேறு ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் தவறான கணக்குக்குப் போயிருந்தால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணை அழைத்துவிட்டுப் போலிஸில் புகார் செய்யுங்கள்.

பாராங். உடலையும் உடைமையையும் காக்கும் உரிமை குற்றவியல் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தெளிவாக இருக்கிறது. கொள்ளையன் கத்தியோடு வந்தால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் காப்பதற்குத் தேவைப்பட்ட அளவைத் தாண்டிய காயத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பொருளைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் வெட்டினால் அந்த நிமிடத்தில் வழக்கு திசை மாறிவிடும். பதினான்கு வயதுப் பையனையே அறைந்த கை அது. பாராங்கை வீட்டுக்கு அனுப்புங்கள். மாலையில் பணத்தைக் கொண்டுபோக இரண்டு பேராக, தினம் வேறு வேறு நேரத்தில் போங்கள். கடையில் ஐம்பது வெள்ளித் தாள்களைக் குவிய விடாதீர்கள்.

இனிமேல் கடையில் யாரையாவது பிடித்தால் என்ன செய்வது? பணம் கட்டும் இடத்தைத் தாண்டும்வரை காத்திருங்கள், அதற்குமுன் "இன்னும் பணம் கட்டவில்லை, அவ்வளவுதான்" என்று சொல்ல வழி இருக்கிறது. எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று உறுதிசெய்யுங்கள். பொது இடத்தில், கடை முன்பக்கத்திலேயே உட்கார வைத்துப் போலிஸை அழையுங்கள். பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம், மறுத்தால் பிடுங்காதீர்கள், போலிஸ் வரட்டும். கேமராப் பதிவை அன்றே தனியாக நகல் எடுத்து வைத்துவிடுங்கள், பல கருவிகள் சில வாரத்தில் பழையதை அழித்துவிடும். புகார் செய்து நான்கு வாரமாகியும் சத்தமே இல்லை என்றால், இப்படிப்பட்ட குற்றங்களில் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும்.

இப்போது அந்தக் கடிதம். படத்தைப் போட்ட எல்லா இடத்திலிருந்தும் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முன்பு எங்கே, எந்தத் தேதியில் இருந்தது என்று பதிவு செய்து வையுங்கள், மறைத்ததாக யாரும் சொல்லக் கூடாது. 300 வெள்ளியைத் திருப்பிக் கொடுப்பதை வழக்கறிஞர் மூலம், "உரிமைகளுக்குப் பங்கமின்றி" (அதாவது இது தவறை ஒப்புக்கொண்டதாகாது) என்று குறிப்பிட்ட கடிதத்தோடு செய்யுங்கள். "இதை விடாவிட்டால் திருட்டுப் புகார் கொடுப்போம்" என்று எதிலும் எழுத வேண்டாம், பேசவும் வேண்டாம். புகார் செய்யும் உரிமை உங்களுக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் அதைப் பேரத்துக்குப் பயன்படுத்தினால் 384 மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

சமாதானத்துக்கு வழி இருக்கிறது. 323, 342 ஆகிய இரண்டும் பாதிக்கப்பட்டவர் இசைந்தால் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள். பணம் பறித்தலும் சிறார் சட்டமும் அப்படியல்ல. இழப்பீடு பேசி முடித்தாலும் பையன் வயதுக்கு வராதவன் என்பதால் நீதிமன்ற ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், தாய் மட்டும் போட்ட கையெழுத்தை நம்பிப் பணம் கொடுத்தால் பின்னால் அவனே கேள்வி கேட்கலாம். அக்கா மகனுக்கு நீங்கள் இருவரும் வைக்கும் வழக்கறிஞர் அல்லாமல் தனி வழக்கறிஞர் வேண்டும். முதலாளிக்கும் ஊழியருக்கும் இந்த விஷயத்தில் நலன் ஒன்றாக இருக்காது.

பதினான்கு நாளில் எத்தனை நாள் போயிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கடிதத்தின் தேதியைப் பாருங்கள், உங்கள் கைக்கு வந்த நாளையும் உறையோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். நேரம் போதாவிட்டால் அவகாசம் கேட்டு ஒரு வரி எழுதுவதும் பதில்தான், அதை நாளைக்கே அனுப்பலாம்.