மகளை யார் காலில் விழ வைத்தீர்கள்?

கேள்வி: ப்ளஸ் டூ முடித்த என் 26 வயது மகளுக்கு அங்கன்வாடிப் பணியாளர் வேலை வாங்கித் தருவதாக எங்கள் ஊர்க் கட்சிப் பிரமுகர் 5 லட்சம் கேட்டார். தாலிக்கொடியை அடகு வைத்து 3 லட்சம் கொடுத்து இரண்டு மாதமாகிறது. அன்று வரமாட்டேன் என்ற மகளையும் அதட்டி அழைத்துப் போய், அவர் காலில் விழ வைத்தோம். மீதியைக் கொடுத்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும் என்கிறார். கொடுக்கலாமா, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள். இத்தகைய பிரமுகர்கள் ஓர் இடத்துக்கு ஐந்து வீடுகளில் வாங்குவார்கள். ஐவரில் ஒருத்திக்குத் தன் தகுதியாலேயே வேலை கிடைத்துவிட்டால், அது தாம் வாங்கிக் கொடுத்தது என்பார்கள். மற்ற நால்வரையும் 'அடுத்த லிஸ்டில் பார்க்கலாம்' என்று அலையவிடுவார்கள். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுத்தவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்திருந்தால்தான் விலக்கு. உங்களுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டதால், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆனால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒன்றை என்னால் கடந்துபோக முடியவில்லை. நம் வீடுகளில் பெண் பிள்ளை காலில் விழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பொங்கலன்றும் கல்யாணத்தன்றும் பெரியவர்கள் காலில் விழுவாள், அவர்கள் விபூதி பூசி வாழ்த்துவார்கள். அந்த வணக்கத்தைக் கொண்டுபோய், உங்கள் தாலிக்கொடிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டிருந்த ஒருவரின் செருப்புக் காலுக்கு வைத்திருக்கிறீர்கள். பணத்தை நெருக்கடி என்று சொல்லிக்கொள்ளலாம், இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? 3 லட்சம் அந்த மனிதருக்குச் செலவாகிப் போகும். காலில் விழுந்த பெண்ணோ அவருக்குப் பல ஆண்டுச் சொத்து. மாநாட்டுக்கு ஆள் சேர்க்கச் சொல்வார், தேர்தலில் வீடு வீடாகப் போகச் சொல்வார், மையத்துக்கு வரும் முட்டையிலும் சத்துமாவிலும் கை வைத்தால்கூட அவள் வாய் திறக்கக் கூடாது என்பார். அரசாங்கத்தின் சம்பளத்தை அவர் போட்ட பிச்சை என்று அவள் நினைக்க வேண்டும். அதற்காகத்தான் அவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலைக்கு அதே ஊர்ப் பெண்களுக்கே முன்னுரிமை. கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் தனி ஒதுக்கீடும் உண்டு. அப்படியானால் நீங்கள் விலை பேசிய இடம், இரண்டு தெரு தள்ளி, அடகு வைக்க ஒரு குண்டுமணித் தங்கமும் இல்லாமல் விண்ணப்பம் போட்ட ஒருத்தியுடையதாக இருக்கலாம். அவள் பிள்ளையையும் நாளை உங்கள் மகள்தானே மடியில் வைத்துச் சோறூட்ட வேண்டும்?

வழக்கறிஞரிடம் போவதற்கு முன் நீங்களும் உங்கள் கணவரும் மகளை உட்கார வைத்து, செய்தது தவறு என்று சொல்லுங்கள். பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்று தயங்க வேண்டாம், பிள்ளையின் மானத்தைக் காப்பதும் பெற்றவர் கடமைதான். பிறகு, நேர்முகத் தேர்வுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவளிடமே கேளுங்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் அவள் பேசியதாக இருப்பது 'வரமாட்டேன்' என்ற ஒரே ஒரு வார்த்தைதான்.